எட்டு மணிச் சேவல்

என் அலமாரியின் மேல்தட்டில், கல்லூரிக் காலத்துச் சுடிதார்களுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் சேவல் நிற்கிறது. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கொண்டை, வயிற்றில் கடிகார முகம், காலடியில் பேட்டரி போட ஒரு சின்ன மூடி. கொண்டையில் பாதி இல்லை. உடைத்தவர் ஒரு மீன்கார அக்கா. என் முகத்தைக் குறிபார்த்துத்தான் எறிந்தார். நான் குனிந்துகொண்டதால் சுவரில் பட்டது. அதைத் தூக்கிப் போடு என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்காதுதான். ஆனாலும் வைத்திருக்கிறேன், பேட்டரியைக் கழற்றிவிட்டு.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சமூகப்பணியில் பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். கீழே லாரி போனால் மேலே ஜன்னல் நடுங்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். மாத்திரை கொடுப்பது ஆஸ்பத்திரியின் வேலை. வாங்கிப் போனவர்கள் நேரம் தவறாமல் விழுங்குகிறார்களா என்று வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்தால் பயனில்லை. அடுத்த மருந்தை இலவசமாகக் கொடுப்பார் அன்றைக்கு யாருமில்லை. இதற்காக உலகம் முழுக்க மாநாடும் தீர்மானமும் நடந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரி விடாமல் படிப்பேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அந்த உலகப் போரில் தாம்பரம் பிரிவுக்குத் தளபதி நான்தான் என்று தோன்றும்.

அக்கா குடியிருந்தது அனகாபுத்தூரில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில். தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். கணவர் இந்த நோயில் இறந்ததும் குப்பமே சேர்ந்து அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஊரை விட்டு வந்து, விடியற்காலையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, பம்மல் வரைக்கும் தெருத்தெருவாகக் கூவி விற்றார். மாத்திரை வாங்கப் போகும் நாளில், ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடப்பார். தெரிந்த முகம் எதிரில் வந்துவிடக் கூடாது. முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "இங்க சக்கர மாத்திரன்னு சொல்லிகினு கீறேன். உங்க ஆபீசு பேரு போட்ட பை, கழுத்துல தொங்குற அட்டை எத்தையும் எடுத்துகினு வராத. ஒரு தபா ஓடியாந்துட்டேன். இன்னொரு தபா ஓட காலுல தெம்பு இல்ல."

நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன். சந்து திரும்புவதற்கு முன் அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். ரகசியம் காப்பதைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அதில் ஒரு பெருமை வேறு.

கடிகார யோசனை என்னுடையது. எங்கோ வெளிநாட்டில் நோயாளிகளுக்கு அலாரம் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். அன்றைக்கே சாரிடம் ஓடினேன். சார் என்றால் எங்கள் திட்ட அலுவலர். இஸ்திரி கலையாத சட்டையோடு ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார்; அனகாபுத்தூர் எந்தத் திசையில் என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது என் சந்தேகம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூப்பர்மா! எல்லாருக்கும் ஒரே மாடல் வாங்கிடு. ஒரே மாதிரி இருந்தாதான் போட்டோல நல்லா இருக்கும்." பர்மா பஜாருக்குப் போய்ச் சேவலைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். மணி அடிக்காது, கூவும். கழுத்தை ஆட்டி ஆட்டி, நிறுத்தும்வரை கூவும். கோழி கூவி எழுந்திருக்கும் மக்களுக்கு இது பண்பாட்டோடு பொருந்தும் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். சார் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அறுபது சேவல் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் நானே எட்டு மணிக்கு முள்ளைத் திருப்பி வைத்து, "இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

அக்கா வாங்கும்போது சிரித்தார். "சாங்காலம் கூவுற சேவல இப்பத்தான் பாக்குறேன்" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை அந்தச் சந்தில் நின்றிருந்தேன். எட்டு மணி. அக்கா வீட்டுச் சேவல் கூவியது. அதே நொடியில் நாலு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் வீட்டிலிருந்து இன்னொன்று. பின் சந்தில் ஒரு டிரைவர் வீட்டிலிருந்து மூன்றாவது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வீடு, மூன்று மாத்திரை, ஒரே நேரம்! கண்ணில் தண்ணீர் வந்ததைக்கூட இப்போது மறைப்பானேன். அப்போது எதிர்வீட்டு வாசலில் இட்லித் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி மூன்று திசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நூறு சதவீதம்" என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்த மாதம் டிரைவர் இறந்துபோனார். மருந்தைத் தொடங்கும்போதே அவர் எலும்பாகத்தான் இருந்தார். எதனால் இறந்தார் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது, எப்போதும் தெரிந்துவிடுவதைப் போல. அவர் வீட்டில் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே, அன்றைக்குச் சாயங்காலம் எட்டு மணிக்குச் சேவல் கூவியது. யாரும் அதை நிறுத்தவில்லை. எங்கே இருக்கிறது என்று தேடிய கொஞ்ச நேரத்தில், வெளியே மற்ற இரண்டு சேவல்களும் கூவுவது எல்லார் காதிலும் விழுந்தது. அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்காவின் வீடு 'சேவல் வூடு' ஆனது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே பிள்ளைகள் கொக்கரக்கோ என்றன. "இன்னா மீன்காரம்மா, உன் சேவல் கூவிடிச்சா, முழுங்கிட்டியா?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். கடையே சிரித்தது. வழக்கமாக மீன் வாங்கும் வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் திறந்து, முந்தின நாள் வாங்கிய மீனைக் குழம்போடு கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினார்கள். அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பம், நிலம் வைத்திருந்தவர். அவர் சத்தம் போடவில்லை. "நீ நல்ல பொம்பளதாம்மா. ஆனா வெள்ளிக்கெழமைக்குள்ள காலி பண்ணிடு" என்றார். இதையெல்லாம் பிறகு அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். சொன்னார் என்றா எழுதினேன்? காறித் துப்பினார்.

அன்று அலுவலகம் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மீன் கூடை இல்லாமல் அக்கா வந்து நின்றார். கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் சேவல். நான், "வாங்கக்கா, உட்காருங்க" என்றேன்.

"உக்கார்றதுக்கு வூடு இல்லாம பண்ணிட்டு, நாற்காலி போடுறியா?"

சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை; என்னைத்தான் பார்த்தார்.

"காலம்பர எட்டு மணிக்கு நான் எங்க இருப்பேன்? சொல்லு. நீ படிச்சவதான?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. காலை எட்டு மணிக்கு அவர் பம்மல் தெருக்களில் மீன் கூவிக்கொண்டிருப்பார். பூட்டிய வீட்டுக்குள் சேவல் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். தினம் தினம், நிறுத்த ஆளில்லாமல்.

"தெருவுல நிக்கசொல்லோ சுருக்குப் பையில வெத்தலயோட மாத்திர வெச்சிருப்பேன். இஸ்கூலு வேன் திரும்பினா எட்டு மணி. வாயில போட்டுக்குவேன், ஒரு பய கண்ணுக்குத் தெரியாது. சாங்காலம் எல்லா வூட்டுலயும் டீவில அந்த சீரியல் பாட்டு வரும். தெருவே கேக்கும்! அத்தவிட இன்னாடி கடியாரம் வோணும் எனக்கு? ஒரு நாளு தப்பினது இல்ல. ஒரு நாளு! நீ வந்து ஒயுங்கு கத்துக் குடுத்த பாரு."

"அப்ப ஏன்க்கா இதை வாங்கிக்கிட்டீங்க? நிறுத்தி வச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நீதான கை வெக்காதன்ன? கை வெச்சா மாத்திரய நிறுத்திடுவீங்களோன்னு பயந்துகினு அரிசி டப்பாவுல போட்டு மூடி வெச்சேன். அதுக்குள்ளாறயும் கத்திச்சு."

அப்போதுதான் எறிந்தார். கொண்டை உடைந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. படியில் இறங்கும்போது, "அறுபது பேருக்கும் ஒரே சேவலா வாங்கின, முண்டம்" என்று சொன்னது கேட்டது. ரோட்டில் லாரி போயிற்று. ஜன்னல் நடுங்கியது.

சார் அறையை விட்டு வெளியே வந்து சொன்னார்: "ஸ்டிக்மா, ஒதுக்கி வைக்கிற புத்தி, எவ்வளவு இருக்குன்னு பாத்தியாம்மா? அந்தத் தெருவுலயே ஒரு வீதி நாடகம் போட்டுடலாம். நல்ல கேஸ் ஸ்டடி." அவரை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்காது. அன்றைக்கு வெறுத்தேன். ஆனால் முழுதாக எழுதிவிடுகிறேன்: நாடகம் என்றதும் என் மனம் ஒரு கணம் துள்ளியது. ஒரு காட்சிகூட மனதில் எழுந்துவிட்டது. தப்பட்டையோடு தொடங்கலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த கணம்தான், யார் வாசலில் அந்தத் தப்பட்டை ஒலிக்கப்போகிறது என்று உறைத்தது. முடியாது என்றேன். சார் சிரித்துவிட்டு வேறு ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்தார். நாடகம் நடந்தது, கைதட்டலும் விழுந்தது என்றார்கள். அதற்குள் அக்கா போய்விட்டிருந்தார். எங்கே என்று சந்தில் யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நான் எழுத வேண்டியிருந்த சொல், 'தொடர்பு இழந்தவர்'. யார் யாருடைய தொடர்பை இழந்தார்கள் என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. மீதிச் சேவல்களைத் திரும்ப வாங்க வீடு வீடாக அலைந்தேன். தறிக்காரர் வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. பல வீடுகளில் நான் போவதற்கு முன்பே அதைக் குப்பையில் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் வேலையை விட்டேன்.

எனக்குக் குற்ற உணர்ச்சி மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இருந்தது கோபம். சார் மேல், அந்தச் சந்தின் மேல், குழம்பைக் கொட்டியவள் மேல். அக்காவின் மேலும்தான். எத்தனை நாள் அவருக்காக வெயிலில் நடந்திருப்பேன், ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். மருந்து தவறி எங்காவது செத்திருப்பார் என்ற பயமும் அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டையும் என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

பல வருஷம் கழித்து, போன மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனோம். தோழி கொத்தமல்லிக்கு நின்றுவிட, நான் மட்டும் முன்னால் நடந்தேன். தரையில் நீல பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் சங்கராவும் நெத்திலியும் குவித்து, அக்கா உட்கார்ந்திருந்தார். சதை போட்டிருந்தார். தலையில் கொஞ்சம் நரை. ஒரு கிழவரிடம், "இன்னா தாத்தா, மீன மோந்து பாக்குற, பொண்ணா பாக்க வந்த?" என்று வம்பிழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உயிரோடு இருக்கிறார், உயிரோடு!

அவர் நிமிர்ந்தார். என்னைத் தெரிந்துகொண்டார் என்பது ஒரு நொடியில் தெரிந்தது. அந்த முகம் கதவு போல மூடிக்கொண்டது. "இன்னா வோணும்?" என்றார், எவளோ ஒருத்தியிடம் கேட்பது போல.

"அரைக் கிலோ நெத்திலி" என்றேன்.

அவர் நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்று, ஆளைக் கூப்பிடும் ஹாரனை இரண்டு முறை அடித்தது. அக்காவின் இடது கை இடுப்புச் சுருக்குப் பைக்குப் போனது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது போல ஏதோ செய்து, வாயில் போட்டு, பக்கத்தில் ஆறிக்கிடந்த டீயை ஒரு மடக்குக் குடித்தார். சுற்றிலும் நூறு பேர். ஒருவரும் பார்க்கவில்லை. நான் கைபேசியைப் பார்த்தேன். சரியாக எட்டு.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. வாய் திறக்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உண்மையில் திறக்கத்தான் போனேன். நெத்திலிப் பையை என் கையில் திணித்து, பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கூவாத. போ."

கொண்டை உடைந்து, பேட்டரி கழற்றிய என் சேவலைப் போல வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.