சித்தி முழங்காலிட்ட ஞாயிறு

அந்த வருஷம் புரட்டாசியில் சித்தி வீட்டு நிலையில் தொங்கிய வேப்பிலைக் கொத்துதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி வேதவசனக் காலண்டர். உள்ளே சித்தியின் மூன்று வயது மகனுக்கு உடம்பெல்லாம் அம்மை. ஜெபித்துப் பார்த்தாள், காய்ச்சல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு மஞ்சள் நீர்க் குடம் சுமந்து மாரியம்மன் கோயிலில் ஊற்றிவிட்டு வந்தாள். பிள்ளை பிழைத்தான். அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்பே செய்தி எங்கள் ஆலயத்துக்குப் போய்விட்டது.

சபை மூப்பர் தீர்ப்புச் சொன்னார். மூன்று ஞாயிறு, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சித்தி மட்டும் முன்னால் நிற்க வேண்டும். அதன் பிறகே அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. எங்கள் சபையில் அது பழைய வழக்கம். தங்கையால் தலைகுனிவு என்று அம்மாவுக்குக் கோபம். "மூணு வாரந்தானடி, நின்னு தொலை" என்றாள்.

"நிக்கிறதுக்கு என்னக்கா, நிக்கிறேன். பந்தியில உக்காந்தவள எந்திரின்னு சொன்ன மாதிரி இருக்கு. அதான் தாங்கல."

முதல் ஞாயிறு நின்றாள். இரண்டாவது, சீர்திருத்தத் திருநாளாக வாய்த்தது. போதகர் ஐயாவுக்கு அன்று வெகு உற்சாகம். காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர்களை எதிர்த்து ஆலயக் கதவில் தாள் அறைந்த ஜெர்மன் துறவியைப் பற்றி முழங்கினார். உபவாசமிருந்தும் உடம்பை வதைத்தும் அந்த மனிதருக்கு நிம்மதி கிடைக்கவில்லையாம்; கிருபை என்பது பாடுபட்டு வாங்கும் கூலி இல்லை, தேவன் சும்மா கொடுப்பது என்று கண்டுகொண்ட பிறகுதான் கிடைத்ததாம். எனக்குப் பதினாலு வயசு. மயிர்க்கூச்செறிய ஜெர்மனிக்கே போய்விட்டேன். சித்தி எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருவிருந்துக்கு அழைப்பு வந்ததும் நேரே நடந்து பீடத்தின் முன் முழங்காலிட்டாள். மூப்பர் பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல?"

"அந்த ஒரு வாரமும் நின்னா கிருபை கூடக் கொஞ்சம் கெடைக்குமாண்ணே?"

அப்பத்தட்டோடு நின்ற போதகர் ஐயா மூப்பரைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். சற்று முன் தான் சொன்னதை அவர் இப்போது செய்தாக வேண்டும். "மூப்பரே, செத்த தள்ளி நில்லுங்க" என்றார். சித்தி கைநீட்டி வாங்கினாள். அவள் பக்கத்தில் இன்னொரு சேலை சரசரத்து முழங்காலிட்டது. அம்மா!

இப்போது கல்லூரியில் சரித்திரம் படிக்கிறேன். அந்தத் துறவியைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகங்கள். எங்கள் சபையில் அதன் பிறகு யாரையும் நிற்க வைத்ததில்லை என்ற சேதி அவற்றில் இல்லை. அது என் சித்தி எழுதிய சரித்திரம் என்று யாரிடமும் மார்தட்டிச் சொல்வேன். அவள் தட்டிக்கொண்டதில்லை. அன்று வாசலில் மூப்பர் மறித்து, "என்னம்மா, எங்களுக்கே உபதேசமா?" என்று கேட்டபோது, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"உபதேசம் ஐயா பண்ணுனதுண்ணே. நான் கேட்டேன், அம்புட்டுத்தான்."