உள்பக்கத் தாழ்ப்பாள்

கூரம் போகும் வழியில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்கள் இல்லத்தில் அன்று எனக்கு ஆய்வு. மருந்து அலமாரியைத் திறந்து தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வசந்தாவின் தம்பி. "அக்கா காலைல போயிட்டாங்க மேடம். தூக்கத்துலயே" என்றார். அடுத்த மருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதும் தெரியாது.

அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு வசந்தாவைத் தெரியும். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண். இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் செயலிழந்துபோக, கைகளை ஊன்றித் தரையோடு நகர்வார். இல்லங்களைப் பார்வையிடும் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவரை அழைத்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு ஒருவர் வேண்டும் என்றுதான் நான் அவரைச் சேர்த்தேன்.

அவரோடு முதலில் போனதும் இதே இல்லத்துக்குத்தான். அதற்கு முன் இரண்டு முறை நானே பார்த்து, குளியலறை நன்றாக உள்ளது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன், சுத்தமாக இருக்கும், எழுதிவிடுவேன். வசந்தா உள்ளே நகர்ந்து போய்க் கதவைச் சாத்தினார். அது மெல்லத் தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது.

"உள்ள தாழ்ப்பாளே இல்லையேமா. நீங்க கதவைச் சாத்திப் பார்த்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வந்த முதல் நாளே என் கையெழுத்தில் குறை கண்டுபிடிக்கிறாரே என்று கோபம்கூட வந்தது. இல்லத்தின் பொறுப்பாளர் எனக்குத் துணைக்கு வந்தார். "உள்ள பூட்டிக்கினு விழுந்துட்டா யாரு மேடம் தூக்குறது? அவங்க நல்லதுக்குத்தான் கழட்டிட்டோம்."

வசந்தா சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்ணிடம், "நீ எப்படிமா குளிக்கிற?" என்று கேட்டார்.

அவள் பொறுப்பாளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வசந்தாவிடம் மட்டும் சொன்னாள்: "நைட்டியோடதான்கா. எப்ப யாரு வருவாங்களோன்னு கதவையே பார்த்துக்கினு குளிப்பேன்."

இரண்டு முறை போன என்னிடம் அவள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் வசந்தாதான் பேசினார். "தறியில நீளவாக்குல ஓடுற பாவுல ஒரு இழை அறுந்திருந்தா எட்ட நின்னு பார்த்தா தெரியாதும்மா. கையை வெச்சித் தடவிப் பார்க்கணும். அவ்ளோதான், விடுங்க."

நான் விடவில்லை. என் பழைய இரண்டு அறிக்கைகளும் தவறு என்று என் கையாலேயே எழுதினேன். தாழ்ப்பாள் வந்தது. அவசரம் என்றால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியது. எந்த உயரத்தில் பொருத்துவது என்று தச்சர் கேட்டபோது, வசந்தா தரையில் உட்கார்ந்தபடி கையை நீட்டிக் காட்டினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த இல்லத்துக்குப் போனாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்ப்பேன். அன்றும் மருந்து அலமாரியை மூடிவிட்டு அந்தக் குளியலறைக்குள் போனேன். நின்றபடி போட முடியாத அளவுக்கு அந்தத் தாழ்ப்பாள் தாழ்வாக இருந்தது. மண்டியிட்டுப் போட்டேன். இனி யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்று ஆன பிறகுதான் வசந்தாவுக்காக அழுதேன்.