ஆற்று நடுவில் முழங்கால் தண்ணீர்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரையும் அடித்து வாங்கிய பெயர் இல்லை அது. ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தின் அடித்தரை எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று அளப்பது அவள் வேலை. கணக்கெல்லாம் மீட்டருக்கு மாறி வருடக்கணக்காகிவிட்டது. பெயர் மட்டும் அடியிலேயே நின்றுவிட்டது. வைத்தவர் அளவைப் படகை ஓட்டுகிறவர். அவர் யாருக்கும் உறவில்லை, ஆனால் எல்லோருக்கும் சித்தப்பா.

அவள் அங்கே தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். காலையிலிருந்து மாலை வரை ஆழ எண்களை அடிப்பாள். ஆறு புள்ளி இரண்டு, ஆறு புள்ளி ஒன்று, நாலு புள்ளி எட்டு. ஒருநாள் அளவைக்குப் போகிற ஆளுக்கு வயிற்றுவலி. "கையெழுத்து நல்லா இருக்குல்ல, நீ ஏறும்மா" என்று இவளைப் படகில் ஏற்றிவிட்டார்கள். படகின் பக்கவாட்டில் கட்டிய கருவி ஒலியைக் கீழே அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்துத் திரையில் கோடு வரையும். அந்தக் கோடு சட்டென்று எழும்பி, வளைந்து, பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னம்மா சிரிக்கிறே?"

"சித்தப்பா, மேலே பார்த்தா ஒண்ணுமே இல்ல. கீழே மேடு, பள்ளம், எல்லாமே இருக்கு!"

"இருக்கத்தான் செய்யும். அதுக்கா இந்தச் சிரிப்பு?"

பத்தொன்பது வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத எண் வந்தால் போதும், தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். மேலதிகாரிகள் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது. புறப்படுமுன் கருவிக்கு நேர் கீழே ஒரு இரும்புத் தட்டை இரண்டு மீட்டருக்கு இறக்குவாள். திரை இரண்டு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குப் படகு நகராது. பிறகு கரைக்குக் கரை, இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு கோடாக, வயலை உழுகிற மாதிரி போய்ப் போய் வருவார்கள். அங்கங்கே கயிற்றில் கட்டிய இரும்பு வாயை இறக்கித் தரையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளுவாள். அதைக் காலி பாட்டில்களில் போட்டு வீட்டுச் சமையலறை ஜன்னலில் காய வைப்பாள். அலுவலகத்தில் வெயில் படுகிற ஜன்னலே இல்லை.

அவள் கணவர் கழிமுகத்தைக் குறுக்கே கடக்கிற ஃபெர்ரியை ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாகச் சுக்கானைப் பிடித்த கை. பேச்சு குறைவு. ஒருநாள் காலை முட்டையின் மேல் மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி ஒரு வாய் வைத்தவர், மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, மிளகு நறநறங்குதே?"

பாட்டிலில் மிளகுத்தூள் என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஆற்றின் வளைவில் எடுத்த கறுப்பு வண்டல். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "எந்த எடத்து மண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு பதினோரு நாள் செம்மண் நிறத்தில் ஓடியது. வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரம், கடல் உள்வாங்கி நீர் நன்றாக வற்றியிருந்த ஒரு முற்பகலில், கணவர் ஓட்டிய ஃபெர்ரி வழக்கமான பாதையில், வழக்கமான இரண்டு மிதவைகளுக்கு நடுவே, 'கிர்ர்ர்' என்று உராய்ந்து நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் விழுந்தார்கள். ஒரு ஆசிரியையின் குடை ஆற்றோடு போனது. வேறு சேதமில்லை. பத்து நிமிடம் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி மீட்டார்.

விசாரித்த அதிகாரி, 'ஓட்டுநர் பாதையை விட்டு விலகினார்' என்று எழுதிவிட்டார். வரைபடத்தில் அந்த இடம் மூன்று புள்ளி எட்டு மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் போதுமான படகு எப்படி இடிக்கும்? கணவரைச் சுக்கானிலிருந்து இறக்கி, படகுத்துறையில் கயிறு கட்டப் போட்டார்கள்.

"நான் விலகல" என்று வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுவாரம் கழிமுகத்தை அளக்கிற முறை வந்தது. தட்டை இறக்கிச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒன்பதாவது கோட்டில் திரை தலைகீழாக மாறியது. மூன்று, இரண்டு, ஒன்று என்று தரை ஏறிக்கொண்டே வந்தது. சித்தப்பா எஞ்சினை அணைத்தார். அவள் இரும்பு வாயை இறக்கினாள். மேலே வந்தது பளபளக்கிற கெட்டி மணல்.

அலுவலகத்தில் பழைய அளவிலிருந்து புதிய அளவைக் கழித்து வண்ணம் போட்டாள். தூர்ந்த இடம் சிவப்பு, அரித்த இடம் நீலம். ஃபெர்ரிப் பாதைக்கு ஓரமாக நூற்று நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சிவப்புத் திட்டு படுத்திருந்தது. அதன் வால் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தெற்கே அதே அளவுக்கு நீலம். வெள்ளம் ஒரு பக்கம் தோண்டி மறுபக்கம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது! அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அளவைப் பிரிவின் அதிகாரி மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தப்பான மனிதர் இல்லை, ஜாக்கிரதைக்காரர்.

"வெள்ளத் தண்ணி கலந்திருக்கு. உப்பு குறைஞ்சா ஒலியோட வேகமும் குறையும். கருவி தப்பாக் காட்டியிருக்கலாம்ல?"

"அதனால ஒரு சாண்கூட வித்தியாசம் வராது சார். இது மூணு மீட்டருக்கு மேல."

"இளகின சேறா இருந்தா? சேத்தோட மேல்பரப்பைக் கருவி தரைன்னு நினைச்சுக்கும்."

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "மணல் சார்."

"மிளகுன்னு போட்டிருக்கே."

"பாட்டில்தான் மிளகு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. படகு உங்க வீட்டுக்காரர் ஓட்டினது. மணல் நீங்க அளந்தது. வெளியே இருக்கிறவங்க என்ன பேசுவாங்க? என்னை எப்படிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. யோசிக்காமல் சொன்னாள்: "நின்னு காட்டுறேன் சார்."

"எங்க?"

"அது மேலதான். வியாழக்கிழமை அமாவாசை. பதினொண்ணே கால் மணிக்கு நல்லா வத்தும். நீங்களே வந்து பாருங்க."

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. படகை நங்கூரமிட்டார்கள். சுற்றிலும் எந்தத் திசையிலும் முந்நூறு மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர். அளவுகோலை இறக்கினாள், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். காலைத் தொங்கப் போட்டபோதுதான் பயம் வந்தது. சேறாக இருந்தால்? இடுப்பு வரை புதைந்தால்? சித்தப்பா ஒரு கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, "போ, இழுத்துக்கறேன்" என்றார்.

இறங்கினாள். கால் கணுக்கால் வரை புதைந்தது. பிறகு கீழே கெட்டியாகத் தட்டியது தரை.

பத்தொன்பது வருடமாகத் திரையில் பார்த்த தரை! உள்ளங்காலில், குளிர்ச்சியாக, வரி வரியாக. முழங்கால் தண்ணீரில் நடந்தாள், திரும்பினாள், குதித்தாள்.

"சார், இறங்குங்க! வீடே கட்டலாம்!"

அதிகாரி ஷூவைக் கழற்றி, காலுறைகளை மடித்து ஷூவுக்குள் வைத்து, கால்சட்டையைச் சுருட்டி, படகின் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார்.

"அய்யோ! தரை!"

"தரைதான் சார்!"

"நிக்கிறேன்ம்மா! நடு ஆத்துல நிக்கிறேன்!"

கரையில் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரின் மேல் இரண்டு பேர் நடக்கிறார்கள் என்றால் சும்மாவா? படகுத்துறை ஒலிபெருக்கியில் கணவரின் குரல் கேட்டது.

"ஏம்மா! அங்க என்ன பண்றே?"

பதில் அவ்வளவு தூரம் எட்டாது. அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, மணல் திட்டின் வாலைப் பிடித்து நடந்தாள். தண்ணீர் தொடைக்கு, இடுப்புக்கு, மார்புக்கு ஏறியது. மிதவைகளுக்கு நேர் நடுவே வந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். பாதைக்குள், சரியாக அவர் இடித்த இடத்தில்.

"தெரியுதும்மா" என்றது ஒலிபெருக்கி. அடுத்து, "குதிக்காதே, மண்ணு கரைஞ்சிடப் போகுது!" கரை முழுக்கச் சிரித்தது. அதிகாரி கழுத்துப் பட்டை நனைய அவள் பக்கத்தில் வந்து நின்று, "எழுதிக்குங்கம்மா, நானும் சாட்சி" என்றார். நீர் திரும்ப ஏறத் தொடங்கிச் சித்தப்பா கூப்பிட்டபோது, "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று கெஞ்சியவரும் அவர்தான்.

பதினைந்து நாளில் புதிய வரைபடம் வந்தது. மிதவைகள் தெற்கே நகர்ந்தன. விசாரணை அதிகாரியின் வரியை அடித்துவிட்டு, கணவரை மறுபடி சுக்கானில் ஏற்றினார்கள். புதிய பாதையில் நாலு நிமிடம் கூடுதல் என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை ஆறு வயதுப் பையன் மாதிரி வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி அளந்தபோது படகிலிருந்தே அவருக்கு ஃபோன் செய்தாள்.

"ஏங்க, அது நகர்ந்திடுச்சுங்க! கடல் பக்கமா அறுபது மீட்டர்!"

"சரி. அதுக்கு ஏம்மா நம்ம பொண்ணு பரீட்சையில பாஸான மாதிரி கத்துறே?"

அவள் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு படகின் பலகையில் சாய்ந்து சிரித்தாள். மறுமுனையில் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு, படகை அடுத்த கோட்டுக்குத் திருப்பினார்.