பதினோரு வரிக்காரர்

பதினோரு வரிக்காக அறுபது கிலோமீட்டர் கார் ஓட்டியிருக்கிறீர்களா? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினேன். கவிதை வரி இல்லை... கம்ப்யூட்டர் புரோகிராமின் வரி!

செங்கல்பட்டில் என் எதிர்வீட்டு ஸ்டெல்லா, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் ஆசிரியை. மாணவிகளுக்காக ஒரு கம்பைலர் எழுதியிருக்கிறார். தமிழில் கட்டளைகளை எழுதினால், சின்னச் சின்ன சிப்புகளுக்குப் புரிகிற பாஷையில் அது மாற்றிக் கொடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். லைசென்ஸில் ஒரே நிபந்தனை: கம்பைலரைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட வேண்டும்.

வந்தது வினை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி. ஸ்டெல்லாவின் மாணவிகள் ஆறு பேரைப் பயிற்சிக்கு எடுத்து, இந்தக் கம்பைலரிலேயே வேலை கொடுக்கத் தயார். ஆனால் அவர்களுடைய வக்கீல் ஒப்பவில்லை. "இதை வைத்து நாங்கள் எழுதும் புரோகிராமையும் ஊருக்குக் கொடுக்கச் சொல்வீர்கள். நிபந்தனையை எடுங்கள்!" அப்படி இல்லை என்று ஸ்டெல்லா நாலு பக்கம் விளக்கி அனுப்பினார். படித்ததும் வக்கீலின் சந்தேகம் இன்னும் கூடியது.

சரி, எடுத்துத் தொலைக்கலாம் என்றால்... தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாதாம்! கம்பைலரில் இன்னொருவர் எழுதிய பதினோரு வரியும் இருக்கிறது. மைனஸ் எண் வந்தால் கம்பைலர் குழம்பிக்கொண்டிருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் சரிசெய்து அனுப்பியிருந்தார். அவருடைய சம்மதம் வேண்டும். மெயிலுக்கோ பதில் இல்லை. பெயர் தேவா, ஊர் கடலோரக் கடப்பாக்கம் – தெரிந்தது அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவுக்கு அந்த ஆறு பெண்களின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. என்னிடம் கார் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

கடப்பாக்கத்தில் விசாரித்துக்கொண்டே போனால், ஒரு செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே லுங்கி கட்டிக்கொண்டு, கையில் சால்டரிங் அயர்னோடு தேவா. நான் கண்ணாடி போட்ட சாஃப்ட்வேர் எஞ்சினியரைத் தேடிக்கொண்டிருந்தேன்... என் புத்தி அவ்வளவுதான்.

ஸ்டெல்லா பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "டீச்சர், நீங்களா! இன்னா இம்மாந் தூரம்?"

"மெயில் போட்டேனே!"

"மெயிலா? அத்த யாரு பாக்கறா!"

படகில் தண்ணீர் ஏறினால் கத்துகிற ஒரு குட்டி அலாரத்தை இந்தக் கம்பைலரை வைத்துத்தான் அவர் செய்திருக்கிறார். பெருமையோடு எடுத்துக் காட்டினார். ஸ்டெல்லா வந்த விஷயத்தைச் சொன்னார். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். எடுக்கறவன் திருப்பிக் குடுக்கணும்னு நீங்க போட்டீங்க, அதாலதான் நானும் குடுத்தேன். அந்த கண்டிசன எடுத்தா என் பதினோரு வரியையும் எடுத்துடுங்க."

அந்தப் பதினோரு வரியை ஒரே நாளில் வேறு மாதிரி எழுதிவிட ஸ்டெல்லாவால் முடியும். காரில் வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்; ஆனால் கொடுத்தவரைக் கேட்காமல் தூக்கி எறிய மனசு வரவில்லையாம். அங்கே அதை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. பதினோரு வரிக்கு இவ்வளவு ரோஷமா என்று எனக்குத்தான் கோபம் வந்தது. ஒளிப்பானேன்?

தேவாவே கேட்டார். "அந்த வக்கீலுக்கு இன்னாதான் பயமாம்?"

"அவங்க எழுதற புரோகிராமையும் நாம கேப்போமோன்னு..."

தேவா சிரித்துவிட்டார். "வலைய மாத்திக் கட்னா, எப்டி கட்னேன்னு சொல்லு. அவ்ளோதான். புடிச்ச மீன எவன் கேட்டான்? மீனு உன்னுது! இத்த அப்டியே எழுதிப் போடுங்க டீச்சர், அதுக்கு நான் சம்மதம்."

ஸ்டெல்லா என் பேனாவைப் பிடுங்கி, கடை பில்லின் பின்பக்கம் எழுதினார்: 'இந்தக் கம்பைலரை வைத்துச் செய்யும் புரோகிராம், செய்தவருக்கே சொந்தம். கம்பைலரில் செய்யும் திருத்தம் மட்டும் எல்லோருக்கும் பொது.' தேவா கையெழுத்துப் போட்டார். நெத்திலி வறுவல் சாப்பிடாமல் எங்களைக் கிளம்ப விடவில்லை.

நாலு பக்கத்துக்கு மசியாத வக்கீல், ரெண்டு வரிக்கு மசிந்தார். ஆறு பெண்களும் கம்பெனி பஸ்ஸில் ஏறிய அன்று ஸ்டெல்லா தெருவுக்கே கேசரி கொடுத்தார். எனக்கு இரண்டு கிண்ணம் – டிரைவர் சம்பளம்!

நிபந்தனை வேண்டும், வேண்டாம் என்று மென்பொருள்காரர்கள் உலகம் முழுக்க வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்களாம். எதிரே இருப்பவருக்கு என்ன பயம் என்று யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

நேற்று கம்பெனியிலிருந்து முதல் திருத்தம் திரும்பி வந்தது. எழுதியது அந்த ஆறு பேரில் ஒருத்தி! ஸ்டெல்லா அதைத் தேவாவுக்கும் அனுப்பினார். மெயிலே பார்க்காத மனிதரிடமிருந்து பத்தே நிமிடத்தில் பதில்:

"சூப்பரா கீது. மூணாவது வரி மட்டும் தப்பு."