வலது காலுக்கு வைத்த பழம்

போன வாரம் திருச்செங்கோடு ரோட்டில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். யாரோ புதிதாக வாங்கிய போர்வெல் வண்டிக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலையும் குங்குமமுமாக அது கோயில் யானை மாதிரி நின்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஓர் உருட்டு உருட்டினார். டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் பட்டென்று நசுங்கியது. அந்த வாசனை வந்தது பாருங்கள், நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, தலை சுத்துதுங்களா? ஓரமா நிறுத்தட்டுங்களா?" என்றான். "ஒண்ணுமில்லெ, நீ போ சாமி" என்றேன்.

எலுமிச்சை வாசனை என்றால் மற்றவர்களுக்குச் சோறு ஞாபகம் வரும், ஊறுகாய் ஞாபகம் வரும். எனக்கு எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வரும். ஊறுகாய் போடுவதை விட்டே பல வருடம் ஆகிறது. கேட்பவர்களிடம் ரத்தக் கொதிப்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நல்ல வேளையாக அதுவும் எனக்கு இருக்கிறது.

நான் லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். லைனுக்குப் போயிருக்கிறார் என்போம். லைனுக்குப் போன ஆள் எப்போது வருவார் என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் வழியில் ஏதாவது வந்து குறுக்கே நிற்கும் என்பது எங்கள் தெருப் பெண்களின் நம்பிக்கை. ஆகவே நாங்கள் கேட்க மாட்டோம். ரோட்டில் ஒவ்வொரு ஹாரனுக்கும் காது மட்டும் தானாகத் திரும்பும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஹாரனை வைத்து வண்டி யாருடையது என்று சொல்லிவிடுவேன். அந்தப் படிப்பில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை.

எங்களுக்கு ஒரே பெண், கோகிலா. சேலத்தில் காலேஜ் முடிக்கிற சமயம், ஒருநாள் நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வந்து, விமானப்படையில் ஆபீசர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றாள்.

"ஏரோப்ளேன்ல டிக்கெட்டுக் கிழிக்கற வேலையா அம்மிணி?" என்றேன்.

"இல்லீங்கம்மா. ஓட்டற வேலை."

கையில் இருந்த அரிசி தண்ணீரோடு போய்விட்டது. அவள் அப்பாவோ கட்டிலில் படுத்தபடி சிரித்தார். "நான் ரோட்டுல, என்ற புள்ள மேல. அங்க டோல்கேட்டு இல்லெ, போலீசு இல்லெ, குறுக்கெ எருமை வராது. இதைவிட நல்ல லைன் எங்க கெடைக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டில் நின்றுபோன வண்டிக்கு மெக்கானிக் வருவான். மேலே நின்றுபோனால் யார் வருவார்கள்? இதைக் கேட்க நினைத்து, கேட்கக் கூடாத கேள்விகளோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

அந்தப் பயிற்சிக்கு ஆள் எடுப்பது சல்லடை போட்டுச் சலிப்பது மாதிரி. முதலில் எழுத்துப் பரீட்சை. கோயமுத்தூரில் அவள் எழுதிய இடத்தில் திருவிழாக் கூட்டம் என்றாள். அதில் தேறியவர்களைத்தான் மைசூருக்குக் கூப்பிடுவார்கள். அங்கே படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், பத்துப் பேரோடு பேசவிட்டுப் பார்ப்பார்கள், சுவர் ஏறிக் குதிக்கச் சொல்வார்கள். எல்லாம் முடிந்து ஒரு மெஷின் பரீட்சை. அது மட்டும் ஆயுளுக்கு ஒரே தடவை. அதில் தோற்றால் வேறு வேலைக்கு வரலாம், விமானம் ஓட்ட மட்டும் மறுபடி வர முடியாது. எத்தனை படித்தாலும் சரி, யாரைப் பிடித்தாலும் சரி. இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே தடவை என்றால் பண்டிகை மாதிரி இருக்கும் போல. எனக்கு ஒரே தடவை என்றால் சாவுதான் தெரியும்.

காலையில் ஏரிக்கரையில் ஓடுவாள். வந்ததும் மொட்டை மாடியில் நின்று தனக்குத் தானே இங்கிலீஷில் பேசிப் பழகுவாள். எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா வாசல் கூட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, காலு நீளத்தைக்கூட அளந்து பாப்பாங்களாமே? ஆளெடுக்கறாங்களா, மாட்டுச் சந்தையா?" என்றார்.

"ஆமாங்கக்கா. பல்லைப் புடிச்சும் பாப்பாங்களாம். உங்களைக் கூட்டீட்டுப் போனா அதுலயே வெளியெ தள்ளீருவாங்க" என்றேன். அக்காவுக்கு முன்பல் இரண்டும் இல்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம்.

கால் அளக்கிறது உண்மைதான். அவள் அப்பா ஒருமுறை அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, தார்ப்பாய் கட்டுகிற கயிற்றால் இடுப்பிலிருந்து பாதம்வரை அளந்து பார்த்தார். "போதும் சாமி. டிரக்குக் கிளட்சே எட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மைசூருக்குப் புறப்படுகிற அன்று காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. கோழிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிழலில் ஒண்டிக் கிடந்தன. கோகிலா புது ஷூ போட்டுக்கொண்டு பையோடு வாசலுக்கு வந்தாள். அவள் அப்பா அன்று மாலை லோடுக்குப் போக வேண்டியவர். குளித்து, திருநீறு பூசி, கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு நின்றார். ஒவ்வொரு நடைக்கும் தன் வண்டிச் சக்கரத்துக்குப் பழம் வைக்காமல் அவர் சாவி போட்டதில்லை. இருபது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்பார். நான் வேண்டிக்கொண்டதை எல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டார்.

குனிந்து, அவள் காலுக்கு முன்னால் பழம் இரண்டையும் வைத்தார்.

"ஏனுங்கப்பா, நானென்ன டேங்கர் லாரியா?"

"வண்டிக்குச் சக்கரம், உனக்குக் காலு. ஏறி மிதி சாமி. ஒரு கெட்டதும் அண்டாது."

அவளுக்கு அப்பாவிடம் மறுத்துப் பேசத் தெரியாது. சிரித்துக்கொண்டே இடது காலை வைத்தாள். பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. வலது காலை வைத்தாள். அந்தப் பழம் பழுக்காத காய்வெட்டு, கல் மாதிரி இருந்தது. நசுங்காமல் உருண்டது. ஷூவின் அடிப்பாகம் புதுசு, வழுக்கியது. கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, மளுக்கென்று ஒரு சத்தம். அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

பழம் உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. லாரிக்கு வைத்த பழம் நசுங்காமல் உருண்டால் அன்றைக்கு வண்டி எடுக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எதிர்வீட்டு வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்லெ. வர்றது வந்து கழிஞ்சுபோச்சு. இனி எல்லாம் நல்லதுதான்" என்றார்.

"ஆமாங்கப்பா. போயிட்டு வாரேனுங்கப்பா" என்று எழுந்து நின்றாள். நொண்டாமல் நடந்து காட்டினாள். தெரு திரும்புகிறவரை நொண்டவில்லை.

சேலம்வரை நான் கூடப் போனேன். பஸ்ஸில் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. "போவாம இருந்தரலாமா சாமி? தேதி மாத்திக் கேக்க முடியாதா?" என்றேன். கேட்டுப்பார்க்கலாம், கொடுப்பார்களோ என்னவோ என்றாள். "அப்பா அங்க நின்னுட்டே இருப்பாரும்மா. இன்னைக்குத் திரும்பிப் போனா அவரு மூஞ்சியப் பாக்க முடியாது." மருந்துக் கடையில் இறுக்கிக் கட்டுகிற துணி ஒன்று வாங்கிச் சுற்றிக்கொண்டு மைசூர் பஸ் ஏறினாள். ஜன்னலில் சிரித்த முகம்தான் தெரிந்தது. காலை நான் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அவர் லைனில் இருந்தார். பையை வைத்துவிட்டுத் தொட்டிக் கல்லில் உட்கார்ந்தாள். நானாகக் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். சுவர் ஏறியது, கயிறு தாண்டியது எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டாள். கடைசியில் அந்த மெஷின். முன்னால் ஒரு திரை, அதில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு தடி, காலுக்குக் கீழே இரண்டு மிதிகட்டை. கையும் காலும் சேர்ந்து அந்தப் புள்ளியை நடுக்கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும்.

"இடது காலு சொன்னதைக் கேட்டுதும்மா. வலது காலு கேக்கலெ" என்றாள்.

நான் அவள் தலையில் கை வைத்தேன். கையைத் தட்டிவிடாமல் சொன்னாள்: "அப்பாகிட்ட இங்கிலீசுல போச்சுன்னு சொல்லப் போறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. கால்ல மிதிக்கற பரீட்சைன்னு வாயே தொறந்துராதீங்கம்மா. அவரு வண்டி ஓட்டறவரு."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் புரிந்தது. ராத்திரி பகல் பாராமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வடக்கே போகிற மனுஷனுக்கு மனது கலங்கக் கூடாது. அன்றிலிருந்து அந்தப் பொய்யை நாங்கள் அடுப்பு நெருப்பு மாதிரி பொத்திப் பொத்திக் காத்தோம்.

அவர் வந்தார், நாங்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. "இங்கிலீசுதானே? காலு நல்லாருக்குதல்ல, கண்ணு நல்லாருக்குதல்ல? பேச்சு வந்துரும் சாமி. மறுக்காப் போலாம்."

மறுக்கா என்பது கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது?

அதற்கப்புறம் எந்த ஊருக்கு லோடு போனாலும் அந்த ஊர் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். விஜயவாடா பேப்பர், நாக்பூர் பேப்பர். நாலு நாள் பழசாக, டீசல் கறையோடு. குளித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "படி சாமி" என்பார். கோகிலா அப்போது ஒரு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அலுத்து வந்தவள், உடுப்புக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். ஒரு வார்த்தை புரியாத மனுஷன் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்பார். "இப்ப ஓட்டம் நல்லாருக்குது. கியர் மாத்தறதே தெரியலெ" என்பார். பேப்பரை மடித்ததும் அந்தக் கேள்வி வரும்.

"மறுக்கா எப்பக் கூப்புடறாங்க?"

"இன்னுங் கொஞ்சம் தேறோணுமுங்கப்பா."

ஒவ்வொரு நடைக்கும் இந்தக் கேள்வி. நான் அடுப்படியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் நிம்மதி வரும். அந்த வருடங்களில் அதே ஹாரன் கேட்டால் பயம் வந்தது. சீக்கிரம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட வேண்டும், கேள்வி தானாகச் செத்துவிடும் என்று பெற்ற தாயே வேண்டிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது தாண்டுவதற்குள் பாப்பாத்தியக்காவின் மருமகன் லீவில் வந்தார். அவர் பட்டாளத்தில் இருப்பவர். முக்கு டீக்கடைப் பெஞ்சில் என் வீட்டுக்காரரும் அவரும் உட்கார்ந்திருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். பேச்சுக் கேட்கிற தூரம் இல்லை. கேட்காமலே தெரிந்தது. "என்ற புள்ள இங்கிலீசுலதான் நின்னுபோனா" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார், எல்லோரிடமும் சொல்வது போல. அந்தத் தம்பி ஏதோ விளக்கிச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு கையை முஷ்டி பிடித்து ஆட்டினார். அப்புறம் இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றித் தரையில் அழுத்திக் காட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கை கழுவினார். சாப்பிட்டார். கட்டிலில் போய்ப் படுத்தார்.

அடுத்த நடைக்குப் புறப்படும்போது வண்டியைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், ஏறிச் சாவி போட்டார். சக்கரத்துக்கு முன்னால் வெறும் தரை.

"ஏனுங்க, பழம் வெக்க மறந்துட்டீங்க" என்றேன்.

"மறக்கலெ" என்றார். வண்டி போய்விட்டது.

அந்த நடை முழுவதும் நான் சோறு தின்றேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. வண்டி திரும்பி வந்தது. இறங்கினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பேப்பரை எடுத்தார். "இந்தா சாமி, படி" என்றார். கோகிலா படித்தாள். குழம்பு கொதிக்கிற சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். படித்து முடித்துப் பேப்பரை மடித்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மறுக்கா எப்போது என்று கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் பேப்பர் வருவது நிற்கவில்லை. அவள் கல்யாணம் ஆகிப் போகிறவரை வந்தது. போன பிறகும், அவள் ஊருக்கு வருகிற நாளுக்கு ஒன்று எடுத்துவைத்திருப்பார்.

அவர் காலமாகி எட்டு வருடம். ரோட்டில் அல்ல, கட்டிலில்தான் போனார். லாரியை அதற்கு முன்பே கொடுத்தாயிற்று. ஏரிக்கரையில் இப்போது கம்பி வேலி. பாப்பாத்தியக்கா வீட்டில் வாடகைக்கு வடக்கத்திப் பையன்கள் இருக்கிறார்கள். கோகிலா கோயமுத்தூரிலிருந்து பண்டிகைக்கு வருவாள். உலகத்துச் சேதி எல்லாம் இங்கிலீஷில் அவள் செல்போனில் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, உதடு அசையாமல் படிப்பாள். எங்கள் வீட்டில் இப்போது யாரும் எதையும் சத்தம் போட்டுப் படிப்பதில்லை.