முட்டுக் கழி

சேவூரில் எங்கள் வீட்டு முன்பக்கத் தகரச் சாய்ப்பின் அடியில் ஒரு மூங்கில் கழி செருகியிருக்கிறது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். கைபட்டுக் கைபட்டு நடுப்பாகம் வழவழவென்று ஆகிவிட்டது. வீட்டைப் புதுப்பித்தபோது கொத்தனார் அதைச் சாரத்துக்குக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. எங்கள் நெசவுத் தெருவில் வேறு யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். அது பாவு அறுத்த கழி, தொட்டால் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் அண்ணி.

பாவு என்றால் சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அந்த இழைகளைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் கழிகளை முட்டுக் கொடுத்து, கஞ்சி தெளித்து, ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து கைகொடுக்கும். இழையைப் பிடித்த கையை எடுக்க முடியாது, பார்வையையும் எடுக்க முடியாது. ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் போதும், மாதக் கணக்கில் சோறு போட வேண்டிய இழை அறுந்து தொங்கும். அதனால் பாவு நாளில் தெருவின் முதல் வேலை பிள்ளைகளைத் துரத்துவதுதான். "ஓடுங்கடா, ஏரிப் பக்கம் போயி ஆடுங்க!" நானும் அப்படித் துரத்தப்பட்டு வளர்ந்தவன். பெரியவர்கள் எல்லோரின் கையும் கட்டுப்பட்டிருக்கும் நேரம் பார்த்து, பிள்ளைகள் அத்தனை பேரையும் தண்ணீர்ப் பக்கம் அனுப்புகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

அண்ணிக்கு உறைத்தது. அவர் செய்யார்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்து முதல் பாவு நாளில், எல்லோரும் இழையில் கண்ணாக இருக்கும்போது, "பசங்க எங்க?" என்று சத்தமாகக் கேட்டார். "இங்கதான் எங்கனா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். அன்றோடு 'கிணத்துக்காரி' என்று பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. என் அண்ணனே வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவான். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை.

தெருவின் பின்னால் இருக்கிற ஏரி பார்ப்பதற்குச் சாது. கோடையில் அதன் தரையில்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு கோடையில் பொக்லைன் வந்தது, டிப்பர் லாரிகள் வந்தன, கரையை ஒட்டியே மண்ணை அள்ளிக்கொண்டு போயின. வீடு புதையும் அளவுக்குப் பள்ளம். நாங்கள் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. பள்ளமும் திட்டும் ஒன்றுபோல மூடிக்கொண்டு, மேலே தண்ணீர் பாய் விரித்த மாதிரி கிடந்தது. கோடையில் தாங்கள் ஓடி விளையாடிய தரை அங்கேயே இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் இறங்குவார்கள். முழங்கால் அளவு, முழங்கால் அளவு, அடுத்த அடியில் தரை இருக்காது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் எதிர் வீட்டு மாமா பாவு போட்டார். ஏரியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. கஞ்சி தெளித்து முடித்த நேரத்தில் அண்ணி நிமிர்ந்தார். "பசங்க சத்தத்தக் காணோமே?" என்றார். யாரும் திரும்பவில்லை. கூச்சல் நின்றது எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அண்ணி ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பாவின் நடுவே இருந்த முட்டுக் கழியை இரண்டு கையாலும் பிடித்து உருவினார். பாவு சரிந்தது. இழைகள் அறுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாமா அடிக்கக் கை ஓங்கினார். அண்ணி அதற்குள் தெருக்கோடியைத் தாண்டிவிட்டார்.

ஏரியில் இரண்டு பையன்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் வாயடைத்து நின்றார்கள். பின்னாலேயே ஓடி வந்த மாமா தண்ணீருக்குள் பாயப் போனார். நீச்சல் தெரியாதவர். அண்ணி கழியாலேயே அவர் காலைத் தட்டி விழவைத்தார். "நீ எறங்காத! உன்னியும் சேத்து இழுத்துடும்!" என்று கத்தியபடி ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் கழியை நீட்டினார். கோடி வீட்டுப் பையன் கையில் அது அகப்பட்டது. இழுத்துக் கரையில் போட்டதும் இருமினான், மூச்சு விட்டான், அவனை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இன்னொரு கை அதற்குள் உள்ளே போய்விட்டது. அண்ணி அந்த இடத்தைக் கழியால் துழாவிக்கொண்டே இருந்தார். தீயணைப்பு வண்டி வந்துதான் அவனை எடுத்தார்கள். அவன் எதிர் வீட்டு மாமாவின் பையன்.

காரியம் முடிந்ததும் தெரு ஒரு கணக்குப் போட்டது. பாவு அறுந்தது, பிள்ளை போயிற்று. எது முன்னால், எது பின்னால் என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளை இருக்கிற வீட்டுப் பாவை அறுத்த கை ஆகாத கை என்றார்கள். இனி பாவு நாளில் அவர் தெருவில் இறங்கக் கூடாது என்றார்கள். அந்தத் துக்கத்தில் மாமா அப்படிச் சொன்னதை என்னால் மன்னிக்க முடிகிறது. தலையாட்டிய மற்றவர்களை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒரே ஆள்தான் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு நின்றார், அவரைப் பார்த்து வீட்டுக்குள் போ என்றார்கள்.

அண்ணி வீட்டுக்குள் போகவில்லை. யாரும் திரும்ப வாங்காத அந்தக் கழியை எங்கள் வீட்டுச் சாய்ப்பில் செருகி வைத்திருந்தார். அடுத்த பாவு நாளில் சாய்ப்பைப் பார்த்தேன், கழி இல்லை. ஏரிக்கரைக்கு ஓடினேன். கழியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு எல்லாப் பாவு நாளும் அப்படித்தான். தெருவில் இழையை விரித்தால் சாய்ப்பில் கழி இருக்காது. ஒருமுறை, அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "முழுவறவன் கத்தமாட்டான் தம்பி. வாயில தண்ணி பூந்தா எங்கேர்ந்து கத்துவான்? பசங்க கத்திகினு இருந்தா பயமில்ல. கம்முனு ஆனாத்தான் ஓடணும்" என்றார். சொல்லும்போதும் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

போன வருடம் அண்ணி காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அழுதோம், காரியம் செய்தோம். நான் செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போய் வருகிறவன். ஷிப்டு, பஸ், தூக்கம் என்று நாட்கள் ஓடின. கரையில் ஓர் இடம் காலியாகிவிட்டது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இந்த ஐப்பசியில் என் வார விடுமுறை அன்று கோடி வீட்டுத் தம்பி பாவு போட்டான். அன்று கழியைப் பிடித்துப் பிழைத்த அதே பையன். அவனுக்கு இப்போது ஒரு மகள், என் மகளின் வயது. நானும் இழை பிரிக்க நின்றேன். தெரு அமைதியாக இருந்தது. கழுத்து வலித்ததால் நிமிர்ந்தேன், எதிரே எங்கள் வீட்டுச் சாய்ப்பு. கழி சாய்ப்பிலேயே இருந்தது.

"பசங்க எங்க?" என்றேன்.

"இங்கதான் எங்கனா இருக்கும்" என்றார் ஒரு பெரியவர்.

கையில் இருந்ததை விட்டேன். இழைகள் அறுந்தன. கழியை உருவிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் கரையில் கும்பலாக நின்றார்கள். என் மகளும் கோடி வீட்டுத் தம்பியின் மகளும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றிருந்தார்கள். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த அடியில். குப்புறப் படுத்துக் கழியை நீட்டினேன். "புடிச்சிகினு அப்பிடியே வாங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள், அது ஒரு விளையாட்டு என்று நினைத்து.

திரும்பி வந்தபோது பாவு மண்ணில் கிடந்தது. பெரியவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது, அண்ணியை அப்படித்தான் பார்த்தார்கள். "இனிமே பாவுக்கு இவன் தெருவுல நிக்க வேணாம்" என்றார் அந்தப் பெரியவர். கோடி வீட்டுத் தம்பி மகளின் ஈரப் பாவாடையைப் பார்த்தான், என் கையிலிருந்த கழியைப் பார்த்தான். "ஆமாண்ணா, நீங்க நிக்காதீங்க. கரைக்குப் போயிடுங்க. உங்களுக்கு ஷிப்டு இருக்கிற அன்னிக்கு நான் போறேன்" என்றான்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை, ஏரி ஏறிக்கொண்டே இருக்கிறது. நாளை காலை வெயில் அடித்தால் எதிர் வீட்டில் பாவு. கழியைச் சாய்ப்பிலிருந்து எடுத்து வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன்.