அங்க தறி இருக்குது

அண்ணனுக்குக் கோபம் வருவதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவள் நான்தான். முதலில் காது சிவக்கும். அடுத்து வலது கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டும். மூன்றாவதாக, செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விடுவான். அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். கேட்க வேண்டியவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். மிச்சத் திட்டு அம்மாவுக்கும் எனக்கும் வந்து சேரும்.

இன்று இயந்திரங்களில் பழுது தேடுவது என் வேலை. அறிகுறிகளை வரிசைப்படுத்தும் புத்தி அப்போதே வந்திருக்க வேண்டும்.

அவன் பத்தாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. ஆரணியில் எங்கள் வீடு ஒரே கூடம். அதில் முக்கால்வாசியைப் பட்டுத்தறி எடுத்துக்கொண்டது. மீதியில்தான் சாப்பாடு, படிப்பு, தூக்கம், சண்டை எல்லாம்.

ஒருமுறை அவன் பின்னாலேயே ஓடினேன். கமண்டல நாகநதி வழக்கம்போல் தண்ணீரில்லாமல் கிடந்தது. மணலில் நின்று பாலத்துத் தூணின் மீது கல்லெறிந்துகொண்டிருந்தான்.

“ஏண்ணா ஓடியாந்துட்ட?”

அடுத்த கல்லைத் தேடியபடியே சொன்னான்: “அங்க தறி இருக்குது, பாப்பா.”

வேலைக்குப் பயந்து ஓடி வருகிறான் என்று புரிந்துகொண்டேன். எனக்கும் நூல் சுற்றப் பிடிக்காது என்பதால் அது நியாயமாகவே பட்டது. கை ஓய்ந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தான்.

அந்த வைகாசியில் தறியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி ஏறியிருந்தது. பள்ளிக் கபடிக் குழுவோடு வந்தவாசிக்குப் போக வேண்டும் என்று அண்ணன் கேட்டான். புடவை முடியாமல் நகரக்கூடாது என்றார் அப்பா. காது சிவந்தது. கட்டைவிரல் சுரண்டியது. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான். அன்றைக்கு வந்திருந்த மாமா எழுந்து, கதவைத் தாழிட்டு அதன் மேலேயே சாய்ந்துகொண்டார்.

“பேசிகினு இருக்கறப்பவே எந்திரிச்சுப் போறான், இன்னா திமிரு பாருங்க மாப்ள. இன்னைக்கி வுட்டா நாளைக்கித் தலமேல ஏறிக்குவான். நின்னு பதில் சொல்றா.”

“கதவ வுடுங்க மாமா.”

“வுட்டா? ஆத்துல மணலு எண்ணப் போறியா?”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

“போய்ட்டு வந்துடறேன் மாமா. வுடுங்க.”

“மாமாவயே எதிர்த்துப் பேசறியா?” என்று அப்பா கன்னத்தில் அறைந்தார்.

அண்ணன் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். போவதற்கு இடமில்லை. நூல் வெட்டும் கத்தி தறி ஓரத்தில் இருந்தது.

இழுத்துக் கட்டிய பட்டு அறுபடும்போது பெரிய சத்தம் எதுவும் வருவதில்லை. ஓட்டின் மேல் மழை தொடங்குவதுபோல் லேசாக ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.

அப்பா அவனை அதன்பின் அடிக்கவில்லை. அந்தக் கல்யாணப் புடவைக்கான ஆர்டர் வேறு தறிக்குப் போனது. தறியில் அறுந்த பாவு நூல்களை இணைக்கப் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் வந்தார்கள். விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்த்தார்கள். கபடிக் குழு பஸ் ஏறிய அன்று அண்ணனும் சாம்பல் விரலோடு அவர்கள் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“பாத்தீங்களா, புள்ள எப்டி அடங்கிட்டான்!” என்று வரும்போதெல்லாம் மாமா சொல்வார். அம்மா அவருக்குக் காப்பியில் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போடுவாள்.

கதவை யாரும் மறுபடி தாழிடவில்லை. அப்பா திட்டுவார், கதவு அகலத் திறந்தே கிடக்கும். அண்ணனுக்குக் காது சிவக்கும். கட்டைவிரல் சிமெண்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், சில நாள் நகத்தோரம் ரத்தம் கசியும்வரை. மூன்றாவது அறிகுறி மட்டும் வரவே இல்லை.

அண்ணனுக்குத் தறியிடம் இருந்த பயம் தெளிந்துவிட்டது என்று அப்போது நான் சந்தோஷப்பட்டேன்.